தானியக் கப்பலும் சமையற் கல்லூரியும்



உங்கள் வீட்டில், உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதிக்கு வெட்டுப்புள்ளி போதாமற் போன மகன் ஒருவன் இருக்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் மாலை முன்விறாந்தையில் ஒருவர் வந்து அமர்கின்றார். கையிலே பளபளக்கும் விளம்பர ஏடு. அதில் நீலக் கடல், கண்ணாடிக் கட்டடங்கள், வெள்ளைத் தொப்பி அணிந்து சிரிக்கும் இளைஞர்கள். "தம்பி மெல்பேணிலை இரண்டு வருசம் சமையற்கலை டிப்ளோமா படிக்கட்டும், அக்கா. படிக்கேக்கையே வேலையும் செய்யலாம். முடிஞ்சாப் பிறகு ஏதோ ஒரு வழி பிறக்கும். எத்தினை பேர் போயிருக்கினம்!" என்கிறார் அவர். மகனோ இதுவரை ஒரு முட்டை தானும் பொரித்தறியாதவன். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வேளையில் ஒருவரும் அதைப்பற்றி வாய்திறப்பதில்லை.

அந்த மௌனத்தைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகின்றேன்.

பிள்ளையைப் பிறநாட்டுக்கு அனுப்புவது சரியா, பிழையா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. தாய்நாட்டைவிட்டுப் பிழைப்புத் தேடிப் போக மனிதனுக்கு உரிமை உண்டு என்பதைப் பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 1981 இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் தெளிவாகவே கூறியிருக்கின்றார். போகிறவனால் அவன் விட்டுச் செல்லும் நாட்டுக்கு ஏற்படும் இழப்பையும் அதே இடத்தில் அவர் மறைக்காமற் சொல்கின்றார். ஆகவே போகும் உரிமை இருக்கட்டும். என் கேள்வி வேறு. ஒரு தொழிலைக் கற்றுத் தருவதாகச் சொல்லி ஒரு பாதையை விற்பதும், தொழில் கற்பதாகச் சொல்லி அப்பாதையை வாங்குவதும், இவ்விரண்டும் எல்லோருக்கும் தெரிந்தே நடப்பதும் எத்தகைய செயல்?

இதற்கு ஒரு வரலாறு உண்டு. அது தொடங்கியது நமது கொழும்பிலேதான். 1950 ஜனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டமைச்சர்கள் கொழும்பில் கூடி வகுத்த திட்டம் 1951 இல் நடைமுறைக்கு வந்தது. கொழும்புத் திட்டம் என்ற பெயர் நம்மில் மூத்தவர்களுக்கு நன்கு பழக்கமானது. அதன்கீழ் ஆசிய நாட்டு மாணவர்கள் அவுஸ்திரேலியாவுக்கு அந்நாட்டு அரசின் செலவிலேயே போய்ப் படித்தார்கள்; படித்து முடித்தால் ஊர் திரும்பித் தம் நாட்டுக்கு உழைக்கவேண்டும் என்பது ஒழுங்கு. அதில் அரசியல் நோக்கமும் கலந்திருந்தது என்பார்கள், இருக்கலாம். ஆனால் கல்வி அங்கே கொடையாகவே கொடுக்கப்பட்டது. 1980களின் நடுப்பகுதியில் இந்த எண்ணம் மாறியது. வெளிநாட்டு மாணவர் முழுக் கட்டணம் செலுத்திப் படிக்கலாம் என்று அவுஸ்திரேலியா தீர்மானித்தது. அதிலிருந்து கல்வி ஓர் ஏற்றுமதிப் பண்டமாயிற்று. இருபது ஆண்டுகள் கழிந்தபோது, நிலக்கரிக்கும் இரும்புத் தாதுவுக்கும் அடுத்த வரிசையில் வைத்து எண்ணப்படும் பண்டமாகவே அது வளர்ந்துவிட்டது.

முதலாவது அடி விரைவிலேயே விழுந்தது. 1980களின் கடைசியில் சீன இளைஞர்கள் பெருந்தொகையாக ஆங்கிலம் படிக்கவென்று பணம் கட்டினார்கள். விசா விதிகள் இறுக்கப்பட்டதும் ஆங்கிலக் கல்லூரிகள் பல படுத்துவிட்டன. கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு அரசின் தலையிலே விழுந்தது. அதன் பின்னரே, 1991 இல், வெளிநாட்டு மாணவர்க்குக் கல்வி விற்போரைக் கட்டுப்படுத்தும் முதற் சட்டம் பிறந்தது. வீடு எரிந்த பிறகு கிணறு வெட்டிய கதை என்று இதைச் சொன்னால், கிணறாவது வெட்டினார்களே என்றும் சொல்லவேண்டும்.

நம் பேச்சுக்கு முக்கியமானது அடுத்த அத்தியாயம். அவுஸ்திரேலியாவில் படித்து முடித்த வெளிநாட்டு மாணவர் ஊர் திரும்பாமல் அங்கிருந்தபடியே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2001 இல் வழி திறக்கப்பட்டது. தட்டுப்பாடான தொழில்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதிலுள்ள தொழிலைக் கற்றவருக்குக் கூடுதற் புள்ளி. 2005 இல் அப்பட்டியலில் சமையற்காரரும் சிகையலங்காரத் தொழிலாளரும் சேர்க்கப்பட்டார்கள். பல்கலைக்கழகப் பட்டத்துக்கு வேண்டிய காலத்திலும் பணத்திலும் குறைந்ததைக் கொண்டு அதே வாசலுக்குப் போகலாம் என்றால் யார்தான் போகமாட்டார்? மெல்பேணிலும் சிட்னியிலும் மாடிக் கட்டடங்களில் சமையற் கல்லூரிகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. 2009 ஆம் ஆண்டில் அங்கு தொழிற்கல்வித் துறையில் வெளிநாட்டு மாணவரின் பதிவுகள் 2 இலட்சத்தைக் கடந்திருந்தன. இந்தியாவிலிருந்து, சிறப்பாகப் பஞ்சாப்பிலிருந்து, வந்தோர் அதிகம். தொழிலிலே 900 மணித்தியால அனுபவம் காட்டவேண்டும் என்ற விதி இருந்தது. அந்த அனுபவத்துக்கான போலிக் கடிதங்கள் காசுக்கு விற்கப்பட்டதை 2009 ஜூலையில் அந்நாட்டு ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று அம்பலமாக்கியது. அடுப்பு மூட்டத் தெரியாதவனும் 900 மணித்தியாலம் அடுப்படியில் நின்றவனானான்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். 2009 இல் கல்லூரிகள் சில மூடப்பட்டன. அந்த நவம்பரில் ஒரே குழுமத்தைச் சேர்ந்த கல்லூரிகள் ஒருமித்துக் கதவடைத்தபோது ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவில் நின்றார்கள். 2010 பெப்ரவரி 8 ஆந் திகதி குடிவரவு அமைச்சர் கிறிஸ் எவன்ஸ் பழைய பட்டியலை முற்றாக நீக்குவதாக அறிவித்தார். அவ்வாண்டு ஜூலை முதலாந் திகதி வந்த புதிய பட்டியலில் சமையற்காரரும் இல்லை, சிகையலங்காரரும் இல்லை. அன்றைய தினம் பாதிப் படிப்பில் நின்ற ஓர் இளைஞனை நினைத்துப் பாருங்கள். காணியை ஈடுவைத்து அவனை அனுப்பிய தகப்பனையும் நினைத்துப் பாருங்கள். அந்தத் தகப்பன் பஞ்சாப்பில் இருந்தாலென்ன, பண்டத்தரிப்பில் இருந்தாலென்ன?

இப்பொழுது ஒரு பழைய கதைக்கு வருகின்றேன். கிறிஸ்துவுக்கு முன் 44 ஆம் ஆண்டில் உரோமை அறிஞர் சிசெரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் இவ்வழக்கு வருகின்றது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். தானியம் நெருப்பு விலை. அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வியாபாரி கப்பல் நிறையத் தானியத்துடன் வந்து சேர்கின்றான். அவன் நல்லவன். ஆனால் வரும் வழியில், தனக்குப் பின்னே வேறு பல தானியக் கப்பல்கள் அத்தீவை நோக்கி வருவதைக் கண்டிருக்கின்றான். அதைச் சொன்னால் விலை விழும். சொல்லாமல் விற்றால் கொள்ளை இலாபம். அவன் சொல்லவேண்டுமா?

பபிலோனிய ஞானி தியோஜெனிஸ், சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னாற் போதும், மற்றதைச் சொல்லாமல் விடுவது ஏமாற்றாகாது என்றாராம். அவருடைய மாணாக்கர் அந்திப்பாத்தர், விற்பவன் அறிந்ததெல்லாம் வாங்குபவனும் அறியவேண்டும் என்று வாதித்தாராம். சிசெரோ மாணாக்கரின் பக்கமே நின்றார். நூற்றாண்டுகள் பல கழிந்து, 13 ஆம் நூற்றாண்டில், புனித தோமஸ் அக்குவினாஸ் இதே வழக்கைக் கையிலெடுத்தார். அவருடைய தீர்ப்பு நாம் எதிர்பார்ப்பதிலும் மென்மையானது. நாளைக்கு விலை விழும் என்பது வரப்போகும் காரியம். இன்றைய விலைக்கு விற்பவன் அதைச் சொல்லாமல் விட்டால் நீதிக்கு விரோதம் செய்தவனாகத் தோன்றவில்லை. சொன்னானாகில் அது மேலான புண்ணியம் என்றார் அவர். ஆனால் அதே இடத்தில், பொருளிலேயே மறைந்துகிடக்கும் தீங்கான குறையைப் பற்றி அவர் கண்டிப்பாக இருக்கின்றார். நொண்டிக் குதிரையை ஓடுகுதிரையென்றும், விழப்போகும் வீட்டை உறுதியான வீடென்றும் விற்கிறவன் அக்குறையைச் சொல்லியே ஆகவேண்டும் என்பது அவர் முடிபு.

நம் விறாந்தையில் அமர்ந்திருக்கும் முகவர் இந்த வியாபாரியா? அவர் தம் பக்கத்துக்குத் தோமஸ் அக்குவினாசையே சாட்சிக்கு அழைக்கலாம். "நாளைக்குச் சட்டம் மாறும் எண்டு நான் என்ன சாத்திரியா? நான் விக்கிறது இண்டைக்கு இருக்கிற படிப்பு" என்று அவர் சொன்னால் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. சட்டம் எப்போது மாறும் என்பது அவருக்கும் தெரியாது.

எனினும் அந்த வாதம் இங்கே நிற்காது என்பதே என் எண்ணம். ரோட்ஸ் தீவில் விலை கூடக் கொடுத்து வாங்கியவன் நட்டப்பட்டானேயன்றிப் பட்டினி கிடக்கவில்லை. மறுநாள் விலை பாதியாகினாலும் அவன் வீட்டுப் பானையில் தானியம் இருந்தது. பொருள் பொருளாகவே இருந்தது. இறங்கியது விலை மட்டுமே. சமையல் கற்க விருப்பமே இல்லாதவனுக்குச் சமையற் டிப்ளோமா விற்கப்பட்டால் நிலைமை அப்படியன்று. அவன் வாங்கியது பாதையை. பாதை மூடினால் கையில் எஞ்சுவது அவனால் உண்ணமுடியாத தானியம். தான் விற்பது உண்மையில் எது என்பதை அறிந்துகொண்டே அதற்கு வேறொரு பெயரிட்டு விற்கும்போது, வரப்போகும் விலையைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. அந்தப் பாதை எந்த நேரத்திலும் ஒரு அமைச்சரின் ஒரு அறிவித்தலால் இடிந்துபோகக்கூடியது என்பது அப்பொருளிலேயே உள்ள குறை. 1990 அளவில் ஒருமுறையும் 2010 இல் இன்னொரு முறையும் அது இடிந்ததை அத்தொழிலில் இருக்கும் எவரும் அறிவர். இது விழப்போகும் வீட்டின் வழக்கு.

இன்னுமொன்று. ரோட்ஸ் வியாபாரி தன்னை வியாபாரி என்றே சொல்லிக்கொண்டான். நமது முகவரின் பெயரட்டையில் இருப்பதோ 'கல்வி ஆலோசகர்' என்ற சொல். ஆலோசனை சொல்பவன் கேட்பவனுடைய நன்மைக்கு உத்தரவாதி. ஆனால் இவருக்குச் சம்பளம் கொடுப்பது கல்லூரி. மாணவன் கட்டும் கட்டணத்தில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது, தொழிற்கல்லூரிகளில் சிலவேளை முப்பதும் தரகாகப் போகின்றது. தரகு வாங்குவது பாவமென்று நான் சொல்லவில்லை. காணித் தரகரும் கலியாணத் தரகரும் நம்மிடையே வாழ்கின்றார்கள். அவர்கள் தம்மைத் தரகர் என்றே சொல்வதனால் நாமும் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருக்கின்றோம். ஆலோசகர் என்றவுடன் இரண்டு கண்ணையும் மூடிக்கொள்கின்றோம். அவுஸ்திரேலியாவின் 2018 ஆம் ஆண்டுத் தேசிய நெறிக்கோவையே, முகவர் நேர்மையுடனும் மாணவரின் நன்மைக்காகவும் நடக்கவேண்டும், தமக்குள்ள நலமுரண்பாட்டை வெளிப்படுத்தவேண்டும் என்று கல்லூரிகளைப் பொறுப்பாக்குகின்றது. அந்திப்பாத்தர் வென்றுவிட்டார் என்று மகிழலாம். ஆனால் அச்சட்டம் பிடிப்பது அங்குள்ள கல்லூரியை. அதன் கை நம்மூர் விறாந்தைவரை நீள்வது அரிது.

அங்கேயே நடந்த வேறொரு வியாபாரமும் குறிப்பிடத்தக்கது. பல்கலைக்கழகப் படிப்பைக் காட்டி விசாவைப் பெற்று வந்த மாணவனை, வந்த சில வாரங்களிலேயே மலிவான தொழிற்கல்லூரிக்கு இழுத்துக்கொள்வது. முகவருக்கு இரண்டாந் தரகு. இதற்கு இடங்கொடுத்த பதிவு ஓட்டையை அரசு 2023 ஆகஸ்டில்தான் அடைத்தது. அவ்வாண்டில் வெளியிடப்பட்ட கிறிஸ்ரின் நிக்சன் அம்மையாரின் அறிக்கை, விசா முறை எவ்வாறெல்லாம் சுரண்டலுக்குப் பயன்படுகின்றது என்பதை விபரமாகக் காட்டிற்று. அடிமாட்டுச் சம்பளத்துக்கு வேலைசெய்யும் மாணவன் ஏன் முறையிடுவதில்லை? அனுமதித்த மணித்தியாலத்துக்கு மேல் உழைத்தவன் என்று தன்னையே காட்டிக்கொடுக்கவேண்டி வரும். 2015 இல் பெயர்பெற்ற கடைத்தொடர் ஒன்றில் பாதிச் சம்பளத்துக்கு மாணவர்கள் உழைத்த கதை வெளிவந்தபோது அந்தப் பயமே முதலாளிகளின் பூட்டாக இருந்தது தெரியவந்தது. இப்போது பதினான்கு நாளில் 48 மணித்தியாலம் உழைக்கலாம். அதற்கு மேல் உழைப்பவனுடைய வாய்க்கு அதே பூட்டு.

முகவரை மட்டும் திட்டிவிட்டு எழுந்துபோவது நமக்கு இலகு. அரசைப் பற்றி என்ன சொல்வோம்? ஒரு நாடு தன் குடிவரவு விதிகளைத் தன் தேவைக்கேற்ப மாற்றலாம். பட்டியல் ஒன்றும் வாக்குறுதியன்று. இது சட்டத்தின் பேச்சு. மனச்சாட்சியின் பேச்சு அவ்வளவோடு நிற்பதில்லை. விளக்கை ஏற்றி வைத்தவன், விட்டில்கள் மொய்ப்பதை ஐந்து ஆண்டு பார்த்துக்கொண்டிருந்து, அதனால் வந்த வருமானத்தையும் ஏற்றுமதிக் கணக்கிலே எழுதிவிட்டு, பிறகு விளக்கை அணைத்தால், "நான் யாரையும் கூப்பிடவில்லையே" என்று சொல்வது அவனுக்கு அழகாகாது. இந்த விடயத்தில் அரசின் பங்கு வழக்கமாகப் பேசப்படுவதிலும் பெரிது என்று நான் கருதுகின்றேன். முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் புரூஸ் பெயார்ட் 2010 இல் கொடுத்த அறிக்கைக்குப் பின் திருத்தங்கள் வந்தன. கல்லூரி மூடினால் மாணவனுக்கு வேறிடம் தேடிக்கொடுக்கும் அல்லது கட்டணத்தைத் திருப்பித்தரும் காப்பு ஏற்பாடு 2012 இலிருந்து இருக்கின்றது. அதற்கு நன்றி. ஆனால் கட்டணத்தைத்தான் காப்பாற்றலாம். ஒரு பிள்ளையின் இருபதாம் வயதையும் இருபத்தோராம் வயதையும் எந்தக் காப்பு நிதியும் திருப்பிக் கொடுப்பதில்லை.

அரசு செய்த இன்னொரு காரியம் எனக்கு இதிலும் பெரிதாகப் படுகின்றது. 2011 நவம்பரிலிருந்து 2024 மார்ச் வரை, மாணவ விசாவுக்கு விண்ணப்பித்த ஒவ்வொருவரும் தாம் தற்காலிகமாகத் தங்கவே வருவதாக எழுத்தில் நிறுவவேண்டியிருந்தது. உண்மையாகவே திரும்பும் எண்ணத்துடன் போனோரும் உண்டு. அவர்களுக்கு இது பொருந்தாது. ஆனால் எத்தனை பிள்ளைகள் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு தாளில் வேறொன்றை எழுதினார்கள்! எழுதியவனுக்கும் தெரியும், எழுதிக் கொடுத்த முகவருக்கும் தெரியும், வாசித்த அதிகாரிக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த பொய் பொய்யாகுமா என்று கேட்கலாம். நாடகத்தில் அரசனாக வருபவன் பொய்யன் அல்லவே! முற்காலத்தில் ஒழுக்கவியலார் சிலர், வாயாற் சொல்வதன் மீதியை மனதுக்குள் சொல்லிக்கொண்டால் பொய்யாகாது என்று ஒரு சாதுரியம் கண்டுபிடித்தார்கள். 1679 இல் பாப்பரசர் 11ஆம் இன்னசென்ற் அந்தச் சாதுரியத்தைக் கண்டித்துத் தள்ளினார். அந்தத் தாளினால் அதிகாரி ஏமாறவில்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஏமாந்தவன் அந்தப் பிள்ளைதான். வீட்டைவிட்டுப் புறப்படும் முதல் நாளிலேயே, எழுத்து வேறு, எண்ணம் வேறு, அப்படியிருந்தாற்றான் பிழைக்கலாம் என்று அவனுக்குக் கற்பித்தோம். பக்கத்தில் இருந்து கையெழுத்து வைக்கச் சொன்னது நாங்கள். போலி அனுபவக் கடிதம் வாங்குவதற்கு அதற்குமேல் அவன் எத்தனை படி இறங்கவேண்டும்? 2024 மார்ச் 23 முதல் அந்த நிபந்தனை மாற்றப்பட்டிருக்கின்றது. உண்மையான மாணவனா என்பதே இப்போதைய கேள்வி. பின்னாளில் அங்கே தங்கும் ஆசையை மறைக்கவேண்டியதில்லை. உண்மை பேசுவதற்கு ஒரு வாசலாவது திறந்ததே என்று இதை நான் வரவேற்கின்றேன்.

இனி நம்மைப் பற்றி. பெற்றோராகிய நாம் இந்த வியாபாரத்தில் வெறும் ஏமாந்தவர்கள்தானா? மகனை இங்கே மேசன் தொழில் பழகப் போ என்றால், "சனம் என்ன சொல்லும்?" என்று கேட்கின்றோம். ஹோட்டல் குசினியில் வேலை என்றால் பெண் கொடுக்கத் தயங்குகின்றோம். அதே கல்லடுக்கும் தொழிலுக்கும் அதே குசினிக்கும் கடல்தாண்டினால் இலட்சம் இலட்சமாகக் கட்டிப் படிக்க அனுப்பிவிட்டு, "தம்பி அவுஸ்திரேலியாவிலை படிக்கிறார்" என்று பெருமையுடன் சொல்கின்றோம். என்ன படிக்கிறார் என்று ஒருவரும் கேட்காதிருக்கும்படி பேச்சை மாற்றிக்கொள்கின்றோம். நாசரேத்தில் தச்சுப்பட்டறையில் உழைத்தவரைப் பீடத்தில் வைத்து வணங்கும் நாம், நம் வீட்டில் ஒரு தச்சன் இருப்பதை விரும்புவதில்லை. தொழிலை உண்மையில் மதித்திருந்தால், அதை வேறொன்றுக்கு மூடுதுணியாகப் பாவிக்க நமக்கு மனம் வந்திராது. நல்ல சமையற்காரன் ஆவதற்கு ஆசையுள்ள பிள்ளை மெல்பேணுக்குப் போய்க் கற்கட்டும். அங்கே திறமாகக் கற்பிக்கும் அரச தொழிற்கல்லூரிகள் உண்டு, மனதார வாழ்த்தி அனுப்புவோம். ஆசையில்லாத பிள்ளையின் கதையே வேறு. பின்வரிசையில் அவன் தூங்கிக்கொண்டிருப்பான். முன்வரிசையில் கற்க வந்தவனுடைய சான்றிதழின் பெறுமதியும் அவனால் குறையும்.

தானியத்தை உண்பவன் இருக்குமிடத்துக்கே கப்பல் வருவதும் உண்டு. 2007 இல் அவுஸ்திரேலிய அரசு தன் உதவிப் பணத்தில் பசுபிக் தீவு நாடுகளில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியைத் தொடங்கியது. பிஜி, பப்புவா நியூகினி, சமோவா, வனுவாத்து ஆகிய நாடுகளிலேயே வகுப்பு. கிடைப்பதோ அவுஸ்திரேலியாவில் வழங்கப்படும் அதே தராதரச் சான்றிதழ். உல்லாசப் பயணிகள் வரும் தீவுகளில் சமையலும் விடுதிப் பணியும், மற்ற இடங்களில் வாகனத் திருத்தமும் கட்டடத் தொழிலும் கற்பிக்கப்பட்டன. தீவில் பிழைக்கவும் விரும்பினால் அவுஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ போகவும் உதவவேண்டும் என்பது நோக்கம். ஆனால் முதலாண்டுகளில் அப்படிப் போனவர்கள் மிகச் சிலரே. சான்றிதழ் ஒன்று மட்டும் போதவில்லை. தொழில் மதிப்பீடு, அனுபவம், பொறுப்பேற்கும் முதலாளி என்று அந்த வாசலில் வேறு பூட்டுகள் தொங்கின. வாக்களித்த பாதை திறக்கவில்லையென்று அதைக் குறைசொன்னோர் உண்டு, குறை நியாயமானதே. இருந்தாலும் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மெல்பேணில் பாதை மூடியபோது கையில் ஒன்றும் இல்லாமல் நின்றார்கள். பிஜியில் பாதை திறக்காதபோது கையில் தொழில் இருந்தது.

வெளிநாட்டில் கொண்டுபோய்க் கற்பிப்பதிலும் சூது உண்டு. பெயரை மட்டும் அனுப்பிவிட்டு, கற்பித்தல் முழுவதையும் உள்ளூர்ப் பங்காளியின் கையில் விட்டுக் கட்டணத்தில் பங்கு வாங்கும் நிறுவனம் பிறநாட்டு இலச்சினையை விற்கின்றதேயன்றி வேறொன்றையும் விற்பதில்லை. நம் நகரங்களில் கண்ணாடிக் கதவுக்குமேல் வெளிநாட்டுப் பெயர் எழுதியிருக்குமிடத்தில், கற்பிப்பவர் யார், மதிப்பிடுபவர் யார் என்று கேட்டுவிட்டே உள்ளே போகவேண்டும். மாறாக, 1959 இல் ஜேர்மனியின் உதவியுடன் அமைந்த இலங்கை-ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனத்தில் பழகிய இயந்திரத் தொழிலாளர் எத்தனையோ பேர் இந்நாட்டிலும் பிறநாட்டிலும் மதிப்போடு உழைத்தார்கள். அதே நாட்டின் உதவியுடன் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறந்த பயிற்சி நிறுவனம் நம் வீடுகளிலிருந்து பஸ்சிலே போகக்கூடிய தூரத்தில் இருக்கின்றது. அங்கே விசா கிடைக்காது. ஆதலாற்றான் சிலருக்கு அது கண்ணிலே படுவதில்லையோ என்று நான் ஐயுறுகின்றேன்.

விறாந்தைக்குத் திரும்புவோம். வந்தவர் இன்னும் அமர்ந்திருக்கின்றார். அவரிடம் கோபப்படவேண்டாம், அவர் ஒருவேளை நம் பங்கைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். "தம்பி, நீர் எங்களிட்டைக் காசு வாங்கேல்லை எண்டால் ஆரிட்டை வாங்கிறீர், எவ்வளவு?" என்று மரியாதையாகக் கேளுங்கள். "படிச்சு முடிய அங்கை இருக்க விடாட்டில், இந்தப் படிப்பு இந்தக் காசுக்குப் பெறுமதியோ?" என்றும் கேளுங்கள். நேர்மையான முகவர்களும் இருக்கின்றார்கள். அவர்கள் இரண்டாவது கேள்விக்குச் சற்று யோசித்தே விடை சொல்வார்கள்.

விண்ணப்பத்தோடு போகும் பணத்தையும் கணக்குப் பாருங்கள். 2024 ஜூலையில் 710 டொலரிலிருந்து 1,600 டொலராக ஏறிய மாணவ விசாக் கட்டணம் 2025 ஜூலையில் 2,000 டொலராயிற்று. விசா மறுக்கப்பட்டால் அது திரும்பி வராது. ஓராண்டுச் செலவுக்கென்று 29,710 டொலர் கைவசம் இருப்பதைக் காட்டும்படி 2024 மே மாதத்தில் விதித்தார்கள். அந்தத் தொகையைக் கணக்கிலே காட்டுவதற்காக வட்டிக்கு வாங்கும் வீட்டார், மகனை எழுதச் சொன்ன முதற் பொய்க்கு இரண்டாவதைச் சேர்க்கின்றார்கள். கல்லூரி தரும் ஒப்பந்தத்தில் பணம் திருப்பித்தருவதைப் பற்றிய பக்கத்தை, விளம்பர ஏட்டைப் பார்ப்பதற்கு முன் வாசியுங்கள். வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அனுமதிபெற்ற கல்லூரிகளின் பதிவேட்டை அவுஸ்திரேலிய அரசு எவரும் காசின்றிப் பார்க்கும்படி வைத்திருக்கின்றது; கல்லூரியின் பெயரும் பாடநெறியும் அதில் உண்டா என்று ஆங்கிலம் தெரிந்த ஓர் ஆசிரியரைக்கொண்டு பார்ப்பிக்கலாம்.

அதுவரை மகன் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பான். அவனையும் கூப்பிட்டு, வந்தவர் இருக்கும்போதே, பக்கத்துக் கதிரையில் உட்காரவைத்து, உனக்குச் சமைக்கப் பிடிக்குமா என்று கேளுங்கள்.